குப்பைக் கிடங்கு கருத்துக்கேட்புக் கூட்டம்: அந்தப் பின்னிணைப்பைக் கேட்டு வாங்குங்கள்

எங்கள் வட்டாரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குப்பைக் கிடங்கு வரப்போகிறது. 25 ஆண்டுகள் தாங்கும் என்று அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் தமிழ்ச் சுருக்க அறிக்கையில் ஒரே ஒரு வரி. அதற்கான கணக்கு பின்னிணைப்பில் இருக்கிறது என்றார்கள். பார்வைக்கு வைத்த பிரதியில் அந்தப் பின்னிணைப்பையே காணோம்! எழுத்தரைக் கேட்டால், "நகராட்சியில கேளுங்க" என்றார். அங்கே போனால், "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கேளுங்க." கூட்டம் முடியும்வரை வரைவு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதைக் குறிப்பிட்டு மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிய பிறகுதான் தாள்கள் வெளியே வந்தன. வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள்.

கணக்கைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. சேரும் குப்பையில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடங்குக்கு வருமாம்; மீதியெல்லாம் உரமாகும், மறுசுழற்சிக்குப் போகுமாம். எங்கள் தெருவில் வீட்டில் தரம் பிரித்துக் கொடுப்பதையே வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். மொத்தமும் வந்தால் 25 ஆண்டுக்கான இடம் 5 ஆண்டில் தீர்ந்துவிடும். போதாததற்கு, கனமீட்டருக்கு 1.1 டன் என்று அடர்த்தி போட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மைக் கையேட்டின்படி அது மக்காத எச்சத்துக்கு உரியது. மக்கும் குப்பைக்கு 0.85தான்; அதே எடை கூடுதல் இடம் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 4 ஆண்டுகூட வராது. (அன்றாடம் மூடும் மண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எங்கள் அறிக்கையில் அந்த இடம் ஒதுக்கியிருந்தார்கள்.)

நிரம்பிய பிறகு எங்கே போவது? ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலையிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். இவ்வளவுக்கும் பொருந்தும் இன்னொரு நிலம் இங்கே இல்லை. அதே இடத்தில் மேன்மேலும் குவிப்பார்கள். கொழும்பு மீதொட்டமுல்லையில் அப்படிக் குவிந்த மலைதான் 2017 ஏப்ரலில் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

கூட்டத்தில் பேசுவதற்குத் தடை ஏதும் இல்லை. சிக்கல் கடைசியில்தான். நடவடிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குள் பாதிப்பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கிளம்பாதீர்கள். நாங்கள் கேட்ட கொள்ளளவுக் கேள்வி, "துர்நாற்றம் குறித்த அச்சம்" என்று சுருங்கியிருந்தது. அங்கேயே எழுந்து மறுத்தோம். எல்லாம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது, போட்டுப் பாருங்கள் என்றோம். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு, "தரம் பிரிக்காத குப்பைக்கும் கொள்ளளவைக் கணக்கிட்டுத் தர வேண்டும்" என்று எழுதி, மறுபடி வாசித்தார்கள்.

ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிய நடவடிக்கைக் குறிப்பிலும் அந்த வரி இருக்கிறது. படம் எடுத்து வைத்துக்கொண்டோம். இறுதி அறிக்கையில் அதற்குப் பதில் வந்தாக வேண்டும். வரும்வரை விடுவதாக இல்லை.