மலர்ப் பள்ளத்தாக்குக்கு மூட்டை கட்டுதல்

ஜூன் 14, சென்னை

ஆகஸ்டில் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. டிக்கெட் போட்டாயிற்று, இனி கேமராப் பையைக் கட்டுவதுதான் பாக்கி.

வீட்டில் இருப்பவை: நிக்கான் டி750, பேட்டரியோடு 840 கிராம். 24-120 லென்ஸ், 710 கிராம். தூரத்து விலங்கைக் கிட்டே காட்டும் 200-500 லென்ஸ், 2,300 கிராம். ஓர் அலுமினிய டிரைபாட். புல்னாவரை ஜீப் போகும். அங்கிருந்து நாங்கள் தங்கப் போகும் காங்கரியா கிராமத்துக்குப் பத்து கிலோமீட்டர் போல ஏற்றம்; அதற்குக் கோவேறு கழுதை கிடைக்கும். பூங்காவுக்குள் கழுதையும் கிடையாது, இரவு தங்கவும் அனுமதி கிடையாது. காலையில் காங்கரியாவிலிருந்து நடந்து போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். ஆகவே எதைச் சேர்த்தாலும் அதைத் தினமும் சுமக்கப் போவது என் தோள்.

200-500 வேண்டாம் என்றதும் உடன் வரும் நண்பருக்கு மனம் ஆறவில்லை. "பனிச்சிறுத்தை வந்தால் என்ன செய்வீர்கள்?"

"நின்று பார்ப்பேன்."

அந்த மலைகளில் பனிச்சிறுத்தை உண்டு, மறுக்கவில்லை. மழைக்காலத்தில் ஆட்கள் சாரிசாரியாக நடக்கும் பாதைக்கு அது வந்து நிற்கும் என்று நம்பி இரண்டேகால் கிலோவை முதுகில் ஏற்ற நான் தயாரில்லை.

ஜூன் 23

பூக்களுக்காகப் போகிறோம், சின்னதை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இல்லாமலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிக்கானின் 105 மேக்ரோ அருமையான லென்ஸ், வாடகைக்கும் கிடைக்கிறது. 720 கிராம் எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தயக்கம் வேறு. ஜூலை, ஆகஸ்டில்தான் அங்கே பூக்கள் உச்சத்தில் இருக்கும். அதே மாதங்களில்தான் மழையும் உச்சத்தில் இருக்கும். தூறலில், ஒற்றையடிப் பாதையில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், படம் விழும் சென்சாருக்கு முன்னால் கதவைத் திறந்து வைக்கிறோம்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது: கேனானின் 500டி என்ற பழைய க்ளோஸ்-அப் லென்ஸ். ஃபில்டர் போல முன்னால் திருகிக்கொள்ளலாம். அதில் 77 மில்லிமீட்டர் அளவு உண்டு. என் 24-120-இன் வாயும் அதே 77. கேனான் என்பதால் நிக்கானில் பொருந்தாது என்ற கவலை இல்லை, மரை பொருந்தினால் போதும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது என்பதால், மலிவான ஒற்றைக் கண்ணாடிச் செட்டுகளில் ஓரங்களில் படியும் நிறப்பிசிறு இதில் மிகக் குறைவு.

கணக்குப் போட்டேன். 24-120 தனியாக, பூவின் நிஜ அளவில் அதிகபட்சம் 0.24 மடங்கு உருவத்தைச் சென்சாரில் தரும். 500டி-யை மாட்டி, லென்ஸை 120 வரை நீட்டி நெருங்கினால் அது நிஜ அளவில் பாதியை ஒட்டி வரும். சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் அகலப் பூ படத்தை மேலிருந்து கீழ்வரை நிரப்பிவிடும். இமயமலை நீலப் பாப்பி (நம் கசகசாவின் குடும்பம்தான்) ஏறக்குறைய அந்த அளவு. எறும்பின் கண்ணைப் படமெடுக்கப் போகிறவருக்கு 105 வேண்டும். எனக்கு இது போதும்.

ஜூலை 5

பழைய பொருட்கள் விற்பவரிடம் 500டி கிடைத்தது. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடித்த லென்ஸில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரியும். இதில் விளிம்பில் ஒரு கீறல் மட்டும். விலையில் அதைக் கழித்துக்கொண்டார்.

ட்ரோன் கொண்டு போகச் சொல்லி மருமகன் செய்தி அனுப்பியிருக்கிறான். வனத்துறை அனுமதியில்லாமல் தேசியப் பூங்காவில் அதைப் பறக்கவிட முடியாது. பேச்சு முடிந்தது.

ஜூலை 19

மொட்டைமாடியில் ஒத்திகை. தொட்டியில் காசித்தும்பை பூத்திருக்கிறது. பள்ளத்தாக்கிலும் அதே இனத்துச் செடிகள் ஆளுயரத்துக்கு நிற்குமாம். மனைவி பூவாளியோடு வந்து நின்றாள். "இது தூறலா, அடைமழையா? எவ்வளவு ஊற்றட்டும்?"

முதலில் சோதித்தது குடையை. கேமராவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றால் குடையை யார் பிடிப்பது? முதுகுப்பையின் மார்புப் பட்டைக்குள் குடைக்காம்பைச் செருகி, பிடியை இடுப்புப் பட்டைக்கு அடியில் கொடுத்து இறுக்கினேன். குடை தானாகத் தலைக்கு மேல் நின்றது. வெள்ளை நைலான் குடை என்பதால் வெயில் வந்தாலும் பூவின் மேல் வெளிச்சத்தைப் பரப்பிவிடுகிறது. ஓட்டல் குளியலறையில் தரும் பிளாஸ்டிக் தலையுறை கேமராவுக்கு உறையாகிவிட்டது. விலை உயர்ந்த மழையுறைகளுக்குள் கையை விட்டுப் பொத்தான்களைத் தேடுவது எனக்கு ஒத்துவராது.

அடுத்து டிரைபாட். அது கேமராவை அசையாமல் வைக்கும், பூவை வைக்காது. மின்விசிறிக் காற்றில் ஆடிய காசித்தும்பை டிரைபாடிலும் கலங்கித்தான் விழுந்தது. சென்சாரின் ஒளி உணர்வை (ஐஎஸ்ஓ) 1600-க்கு ஏற்றி 1/250 நொடியில் கையாலேயே எடுத்தது கூர்மையாக வந்தது. போதாததற்கு, குறுகிய பாதையில் மூன்று காலையும் விரித்தால் ஒன்றாவது செடிமேல் விழும். டிரைபாட் வீட்டோடு இருக்கட்டும்.

ஆகஸ்ட் 5, காங்கரியா

வழியில் நிலச்சரிவுக்காக ஜேசிபி வரும்வரை காத்திருந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தோம். ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரம். அறையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. டி750 ஒரு சார்ஜில் ஆயிரம் படங்களுக்கு மேல் தாங்கும். பேட்டரியைச் சீக்கிரம் தின்னும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறியிருந்தால் இந்நேரம் சார்ஜருக்கு வரிசையில் நின்றிருப்பேன். உபரி பேட்டரிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். குளிரில் அவை சீக்கிரம் களைத்துவிடும்.

ஆகஸ்ட் 6, இரவு

புஷ்பாவதி ஆற்றைத் தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. மலைச்சிகரம் என்று ஒன்றும் தெரியவில்லை. மேகம் விலகிய சில நிமிடங்களில் பள்ளத்தாக்கின் அகலக் காட்சியை ஃபோனில் எடுத்துக்கொண்டேன். அகலக்கோண லென்ஸை யாரும் தேடவில்லை. காசித்தும்பைக் கூட்டம் பாதையின் இரு பக்கமும் தோள் உயரத்துக்கு நின்றது. 500டி-யைத் திருகியபின் பகல் முழுக்க ஒரே ஒரு முறைதான் கழற்றினேன். ஒரு பூவுக்குள் தேனீ தலையை விட்டு, முதுகு முழுக்க மகரந்தத்தோடு பின்வாங்கியது. அதன் இறக்கையில் ஒட்டியிருந்த நீர்த்துளிவரை படத்தில் தெரிகிறது.

நீலப் பாப்பிதான் வம்பு. பாதையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வழுக்கும் பாறைச் சரிவில். க்ளோஸ்-அப் லென்ஸோடு அரை மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. 500டி-யைக் கழற்றி வெறும் 120-இல் எடுத்தேன். பூ சின்னதாக, சுற்றிலும் ஈரப்பாறையோடு வந்திருக்கிறது. இறங்கிப் போகலாம் என்றார் நண்பர். தாவரங்கள் சேகரிக்க 1939-இல் இங்கே வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி இதே பள்ளத்தாக்கில் வழுக்கி விழுந்துதான் இறந்தார். அவர் கல்லறைக்குச் சற்று முன்புதான் போய் வந்திருந்தோம். நண்பர் வற்புறுத்தவில்லை.

அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினேன். அடுப்புச் சூடு பட்டதும் பனித்துளிகள் பையின் வெளிப்புறத்தில்தான் படிந்தன.

நாளை சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப். 4,000 மீட்டருக்கு மேல், ஏரிக்கரையை ஒட்டிய பாறைகளில் பிரம்மகமலம் பூத்திருப்பதாக டீக்கடைக்காரர் சொல்கிறார். அது பெரிய பூ. 24-120 தனியாகவே சமாளிக்கும். 500டி சட்டைப்பையில் வரட்டும். நண்பர் இன்னும் 200-500 கதையை விடவில்லை. நாளை அவர் கழுதையில் வருகிறாராம்.