பெயரை எடுத்த பிறகும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் காற்று மாசு ஆய்வுக் குழுவில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, தரவுகளிலிருந்து ஆட்களின் அடையாளத்தை நீக்குவது. வெளியாட்களுக்குத் தரக்கூடிய ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெயரை எடுப்பது ஒரு நிமிட வேலை. பிறகுதான் சிக்கல். சின்ன ஊர் ஒன்றில் 93 வயதில் இறந்துபோன ஒரு பாட்டியின் பதிவு கண்ணில் பட்டது. ஊரும் இறந்த தேதியும் இருந்தன. அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் பக்கத்தைப் புரட்டினால் யாரென்று தெரிந்துவிடும். அவர் புகைபிடித்தாரா, எந்த நோயில் இறந்தார் என்பதெல்லாம் பக்கத்திலேயே இருந்தது. யாருக்கும் காட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய விவரங்கள் அவை.

அங்குள்ள மருத்துவத் தனியுரிமை விதி ஒரு வழி சொல்கிறது. 89 வயதைத் தாண்டியவர்களை ஒரே பிரிவில் போடு, தேதியில் ஆண்டை மட்டும் வை, அஞ்சல் குறியீட்டில் முதல் மூன்று இலக்கத்தோடு நிறுத்து. அப்படியே செய்தேன். பிறகு கணக்கை ஓட்டினால் எதுவும் தேறவில்லை. எந்த இடத்துக் காற்றைச் சுவாசித்தார், எப்போது இறந்தார் என்ற இரண்டும்தானே இந்த ஆய்வுக்கு உயிர்! ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அவையே. பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்டப் போதும் என்று கணினி அறிவியலாளர் லட்டன்யா ஸ்வீனி 2000-இலேயே கணக்கிட்டிருந்தார்.

அதனால்தான் 2018 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அன்றைய தலைவர் ஸ்காட் புரூயிட் வெளிப்படைத்தன்மை விதியை முன்மொழிந்தபோது எனக்குப் பகீரென்றது. மூலத் தரவு பொதுவெளியில் இல்லாத ஆய்வை ஒதுக்கிவைக்க அது வழிசெய்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் அடிபடுவது 1993-இல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு போன்றவை. 8,111 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, புகை மண்டிய ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம் காற்று சுத்தமான போர்ட்டேஜைவிட 26 சதவீதம் அதிகம் என்று காட்டிய ஆய்வு அது. 1997-இல் காற்றிலுள்ள நுண்துகளுக்கு அமெரிக்காவில் வந்த முதல் வரம்பு இதையும் ஆதாரமாகக் கொண்டது.

மூலத் தரவு பொதுவெளியில் இல்லாததால் அந்த ஆய்வை யாரும் சரிபார்க்கவில்லை என்று யாராவது சொன்னால், அதுவும் உண்மையல்ல. அரசும் வாகன நிறுவனங்களும் சேர்ந்து நிதி தரும் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட், டேனியல் கிரூஸ்கி தலைமையிலான வெளியாட்கள் குழுவிடம் மூலத் தரவை ஒப்படைத்தது. ரகசியம் காக்கும் பொறுப்போடு அவர்கள் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டார்கள். 2000-இல் வந்த அறிக்கை பழைய முடிவை உறுதிசெய்தது. சரிபார்ப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

முன்மொழிவுக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம் கருத்துகள் குவிந்தன. சற்றுத் தளர்த்திய வடிவில் 2021 ஜனவரியில் விதி இறுதியானது. பிப்ரவரி 1 அன்று மொன்டானா கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

எங்கள் குழுவில் கணக்கிடும் நிரல் முழுவதையும் இப்போது வெளியிட்டுவிடுகிறோம். மூலத் தரவைப் பார்க்க விரும்புகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, இணையம் இல்லாத அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். எங்கள் முடிவை நம்பாத ஒருவர் நான்கு நாள் அப்படி உட்கார்ந்தார். புகைப்பழக்கத்தை நாங்கள் வகைப்படுத்தியிருந்ததில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். அன்று மாலையே திருத்தி, அவருக்கு முன்னாலேயே கணக்கை மறுபடி ஓட்டினேன்.