சிலம்பக்காரன் கிளாஸ் எழுதுற நாட்குறிப்பு

மே 3, 2025, சனி

அடுத்த கேம்பெய்ன் (பல வாரம் ஓடுற தொடர் ஆட்டம்) ஜூன்ல ஆரம்பிக்குது, அதுக்குள்ள ஒரு சண்டைக்கலை கிளாஸ், அதாவது ப்ளேயர் எடுத்து ஆடுற வீரர் வகை, எழுதி டேபிளுக்குக் கொண்டு வரணும்னு இன்னிக்கு உக்காந்துட்டேன். டைஸ் உருட்டி கதாபாத்திரமா ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமோட 5ஆம் எடிஷன் மேலதான் கட்டுறேன், எங்க ஆளுங்க எல்லாருக்கும் அதுதான் அத்துப்படி. அதுல ஏற்கெனவே மங்க் இருக்கு. 1975ல வந்த பிளாக்மூர் சப்ளிமென்ட்லயே வந்த கிளாஸ் அது, அப்ப இருந்து வெறுங்கையால அடிக்கிற மடத்துச் சாமியார்ங்கிற அச்சு பெருசா மாறவே இல்ல. 1978 ரூல்புக்ல ஒரு லெவலுக்கு மேல போகணும்னா அந்தப் பதவியில ஏற்கெனவே இருக்கிற மங்க்கை ஒத்தைக்கு ஒத்தை ஜெயிக்கணும், அது எனக்கு இப்பவும் பிடிச்ச ரூல், ஏன்னா கலைக்குப் பின்னால ஒரு குரு, ஒரு வரிசை இருக்குன்னு அது சொல்லுது.

ஆனா எனக்கு வேண்டியது சிலம்பம். மங்க் கையில ஒரு கம்பைக் குடுத்து பேரை மாத்தினா அது சிலம்பம் ஆகாது, காலடியில இருந்து எழுதணும்.

மே 6, செவ்வாய்

இன்னிக்கு முழுக்க கணக்குதான். 5ஆம் எடிஷனோட 2014 புக்ல மங்க்கோட பெரிய ஆயுதமே ஸ்டன்னிங் ஸ்ட்ரைக், அடிச்சா எதிராளி ஸ்தம்பிச்சுப் போவான். 5ஆம் லெவல்ல கீ பாயின்ட், அதாவது சிறப்பு அடிக்குச் செலவழிக்கிற சக்தி, 5. ரெண்டு அடி, அதுக்கு மேல 1 கீ குடுத்து இன்னும் ரெண்டு, நாலும் பட்டா ஒவ்வொண்ணுக்கும் 1 கீ, மொத்தம் 5, பை காலி. விஸ்டம் 16 வச்சிருந்தா டிசி, அதாவது எதிராளி தப்பிக்க 20 முக டைஸ்ல எட்ட வேண்டிய எண், 14, அவனுக்கு கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடம்பு தாங்குதான்னு பாக்குற அந்த உருட்டல்) +3 இருந்தா ஒரு அடிக்கு பாதிக்குப் பாதி சான்ஸ், நாலு தடவை உருட்டினா ஏதாவது ஒண்ணுல அவன் தோத்துப்போக 94 சதவீதம் கிட்ட வருது. அதாவது முதல் ரவுண்ட்லயே எல்லாத்தையும் கொட்டுறதுதான் புத்திசாலித்தனம்னு ரூலே சொல்லிக்குடுக்குது, அடுத்து ரெஸ்ட் எடுக்குற வரைக்கும் அந்த ப்ளேயர் சும்மா குத்திட்டு இருக்கணும். 2024 புக்ல ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான்னு கட்டுப்படுத்திட்டாங்க, சேவ் பண்ணாலும் எதிராளி வேகம் பாதியாகும், நல்ல திருத்தம்தான்.

சிலம்பத்துல சக்தி எங்கயோ சேத்து வச்சு செலவழிக்கிற சமாச்சாரம் கிடையாது, கால் நகர நகர வருது, நின்னா போச்சு. அதனால பாயின்ட் பையே வேண்டாம். சண்டையில 10 அடி நகர்ந்தா ஒரு காலடி கிடைக்கும், அதிகபட்சம் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவல் ஏற ஏற கூடுற எண்) அளவுக்கு, அடுத்த டர்ன்ல அசையாம நின்னா எல்லாம் போயிடும்.

மே 11, ஞாயிறு

முதல் ப்ளேடெஸ்ட். எங்க டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) வேணும்னே அஞ்சடி அகலச் சந்துல கொண்டு போய் விட்டாரு, பத்தடி நகர இடமே இல்ல. டெஸ்ட்னா இப்படித்தான் இருக்கணும். அங்கயே ஒரு வரி சேத்தோம்: பாதி மூவ்மென்ட்டை விட்டுக்குடுத்தா நின்ன கட்டத்துக்குள்ளயே காலடி போட்டு ஒரு பாயின்ட் எடுக்கலாம். நிஜத்துலயும் நின்ன இடத்துல திரும்பித் திரும்பி மிதிக்கிற காலடி இருக்கு, அதனால மனசுக்கும் ஒட்டுது.

வீடு கட்டுதல் தான் இன்னிக்கு ஜொலிச்சது. 2 காலடி குடுத்தா அடுத்த டர்ன் வரைக்கும் கம்பு சுத்தி ஒரு வளையம், பக்கத்துல நிக்கிறவன் அடிச்சா டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி குறைஞ்சதை எடுக்கணும்), ரெண்டு பக்கமும் சூழ்ந்து கிடைக்கிற ஃப்ளாங்கிங் செல்லாது, புதுசா உள்ள வர்றவனுக்கு ரியாக்‌ஷன்ல ஒரு அடி. நாலு கோப்ளின் சுத்தி வளைச்சப்ப எங்க டேபிள்ல எப்பவும் அமைதியா இருக்கிற பொண்ணு எந்திரிச்சு நின்னு டைஸ் உருட்டுச்சு. பல பேரைச் சமாளிக்கிறதுக்குப் பேர்போன கலை, அந்த ஃபீல் வரலைன்னா இந்த கிளாஸுக்கு அர்த்தமே இல்ல.

கம்பு டேமேஜ் ரெண்டு கையில டி8 (எட்டு முக டைஸ்), மாத்தல. பிடியைப் பின்னால இழுத்து வீசுற அடிக்கு மட்டும் 1 காலடிக்கு 10 அடி தூரம் எட்டும்.

மே 18, ஞாயிறு

ஊருக்கு வந்திருக்கேன், தக்கலை பக்கம். சாயங்காலம் ஆசானைப் பாத்தேன், அடிமுறைங்கிற சண்டைக்கலையும் சொல்லிக்குடுப்பாரு, எலும்பு முறிஞ்சவங்களுக்கு கட்டும் போடுவாரு, எங்க குமரிப் பக்கம் இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கிறது சகஜம். அவரு ஒரு பையன் மணிக்கட்டுல எண்ணெய் தடவி மூங்கில் பத்தை வச்சு துணியைச் சுத்திக்கிட்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டாரு. வர்மம், அதாவது அடிச்சா ஆளையே சாய்க்கிற உடம்புப் புள்ளி, மொத்தம் 108, படுவர்மம் 12, தொடுவர்மம் 96னு பொதுவா எல்லாரும் சொல்ற கணக்கைத்தான் அவரும் சொன்னாரு. அஞ்சாம் லெவல்ல வர்ம அடி வருதுன்னு சொன்னதும் கையை நிறுத்திட்டு, வர்ம அடி பட்டவனை எழுப்புற முறையான இளக்கைப் பத்திக் கேட்டாரு.

"இளக்கு எப்பம் படிக்கான்?"

"இன்னும் எழுதல ஆசானே."

"அத மொதல்ல எழுதுலே மக்கா. எழுப்பத் தெரியாதவனுக்கு நான் ஒரு எடத்தயும் காட்டமாட்டேன். பின்னே, எந்த எடம்னு அதுல எழுதிராத, கேட்டியா."

இதுக்காகத்தான் நான் இந்த கிளாஸையே எழுதுறேன்னு தோணுச்சு. பஸ்லயே மாத்தி எழுதினேன். 3ஆம் லெவல்: இளக்கு. போனஸ் ஆக்‌ஷன்ல தொட்டா ஸ்டன், பாராலிசிஸ் விலகும், 0 ஹிட் பாயின்ட்ல (உயிர்க்கணக்கு) கிடக்கிறவன் 1ஓட எந்திரிப்பான், நாளுக்கு விஸ்டம் மாடிஃபையர் அளவு தடவை. 5ஆம் லெவல்: தொடுவர்மம், 2 காலடி, கான்ஸ்டிடியூஷன் சேவ் தோத்தா கை மரத்து ஆயுதம் விழும், இல்லன்னா கால் மடங்கி நகர முடியாது, இல்லன்னா மூச்சடைச்சு மந்திரம் சொல்ல முடியாது, எதுன்னு ப்ளேயர் சொல்லணும். உடம்புல எங்கன்னு ஒரு வரி கூட கிடையாது. மல்டிகிளாஸ் பண்ணி, அதாவது வேற கிளாஸ்ல இருந்துக்கிட்டே இதுல கொஞ்சம் லெவல் எடுத்து, எட்டிப்பறிக்கவும் முடியாது, வர்மம் வேணும்னா இந்த கிளாஸ்ல அஞ்சு லெவல் இருந்துதான் ஆகணும்.

மே 25, ஞாயிறு

ரெண்டாவது டெஸ்ட். கொள்ளைக்கூட்டத் தலைவன் ஒருத்தன், மந்திரவாதி, மூச்சடைப்பு அடி வாங்கி பேச்சில்லாம மண்டி போட்டான், கூட்டம் ஓடிடுச்சு. வழக்கமா இந்த இடத்துல எங்க ஃபைட்டர் தலையை வெட்டிட்டு லூட் எண்ணுவாரு. இன்னிக்கு அந்தப் பொண்ணு குறுக்க வந்து நின்னு "நான் அடிச்சது, நான் எடுக்குறேன்"னு இளக்கு போட்டுச்சு. தலைவன் மூச்சு வாங்கிட்டு யார் காசு குடுத்து அனுப்பினாங்கன்னு சொல்லிட்டான், டிஎம் அதுக்குன்னு எதுவும் ரெடி பண்ணி வைக்கல, அங்கயே கதையைக் கட்டினாரு, அடுத்த ரெண்டு மணி நேரம் சண்டையே இல்லாம ஓடுச்சு. ஒருத்தரும் போனைத் தொடல.

காயம் ஆத்துற கிளாஸான கிளெரிக் ஆடுறவர் மட்டும், தன் வேலையில கை வைக்கிற மாதிரி இருக்குன்னாரு, நியாயம்தான். இளக்குக்கு ஹிட் பாயின்ட் 1க்கு மேல எந்த லெவல்லயும் ஏத்தப் போறதில்ல, காயத்தை ஆத்துறது அவர்கிட்டயே இருக்கட்டும்.

மீதி இருக்கிறது 11ஆம் லெவல். படுவர்மத்தை அங்க வைக்கலாம்னு இருக்கேன், இளக்கு கையிருப்புல ஒண்ணாவது மிச்சம் இருந்தாதான் அடிக்க முடியும்ங்கிற நிபந்தனையோட. சுருள்வாளும் மான்கொம்பும் சப்கிளாஸுக்குப் போகுது, அதை ஜூன் செஷன் ஓடின பிறகு எழுதுறேன்.