தண்ணிக்குள்ள போகும்ல?

"அண்ணே, இது தண்ணிக்குள்ள போகும்ல?"

இன்று காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையொன்றில் ஒரு தம்பி கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. அந்தமான் போகிறாராம். கடைக்காரர் பெட்டியில் இருந்த ஐபி68 என்ற தூசி, நீர்த் தடுப்புக் குறியீட்டைக் காட்டினார்.

தம்பி, கடைக்காரர் காட்டிய அந்தக் குறியீடு நன்னீரில், ஆடாமல் அசையாமல் வைத்துப் பார்த்த சோதனை. கடல் உப்புக்கும் நீந்தும் வேகத்துக்கும் அது உத்தரவாதம் இல்லை.

எத்தனை மீட்டர் தாங்கும் என்று கேளுங்கள். 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு. மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்கு 10 மீட்டர் தாங்கும் கோப்ரோ கேமரா தாராளம். ஒலிம்பஸ் டிஜி-6 15 மீட்டர் வரை. சிலிண்டர் மாட்டி மூழ்கும் ஸ்கூபாவில் 18 மீட்டர் வரை இறங்குவீர்கள் என்றால், கேமராவை மூடும் நீர்புகா உறையான தனி ஹவுசிங் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

ஹவுசிங்கின் உயிர், மூடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான். ஒற்றைத் தலைமுடி, ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், தண்ணீர் உள்ளே. விரலால் தடவிப் பாருங்கள். கம்பெனி சொல்லும் கிரீஸ் மட்டும், மெல்லிசாக. வாசலின் சில ரப்பரை ஊதவைத்துவிடும்.

ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு மங்கி எல்லாம் நீலமாகிவிடும். சிவப்பு ஃபில்டரோ விளக்கோ வேண்டும். இரண்டும் சேர்த்து வேண்டாம். எதை எடுத்தாலும் மீனுக்கு அருகே போய் எடுங்கள், ஜூம் உதவாது.

கிளம்பும் முன் கேமரா இல்லாமல், ஹவுசிங்குக்குள் டிஷ்யூ பேப்பரும் மூழ்குவதற்குக் கனமான ஒரு பொருளும் வைத்து, வீட்டு அண்டாவில் ஒரு மணி நேரம் முக்குங்கள். பேப்பர் நனைந்திருந்தால் ஓ-ரிங்கை மாற்றுங்கள்.