பொனட்டுக்குக் கீழே அதே 1490 சீசீ

டொயோட்டா யாரிஸ் குரொஸ் ஹைபிரிட்டையும், டொயோட்டாவின் சொகுசுப் பெயரான லெக்ஸஸின் எல்பிஎக்ஸையும் அருகருகே நிறுத்தி இரண்டின் பொனட்டையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் மூன்று சிலிண்டர், 1490 சீசீ, எம்15ஏ எஞ்சின். அடித்தளமும் ஒரே ஜிஏ-பி தான். "பெயரை மாத்தி விலையைக் கூட்டிட்டாங்கள்" என்று சொல்லிவிடலாம், அது பாதி உண்மை. மற்றப் பாதி கண்ணில் படாத இடங்களில் இருக்கிறது. கூடுதல் விலை அங்கே போயிருந்தால் கொடுக்கலாம், குரோமிலும் தோலிலும் மட்டும் போயிருந்தால் கொழும்பில் அது சில வருடத்தில் உரிந்து கையோடு வந்துவிடும்.

எல்பிஎக்ஸையே எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே முன்னும் பின்னுமாக ஆடும். அந்த ஆட்டத்தைக் குறைக்க லெக்ஸஸ் இந்த எஞ்சினுக்குள் ஒரு பேலன்ஸ் ஷாஃப்டைச் சேர்த்திருக்கிறது. கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஹைபிரிட் எஞ்சின் நின்று நின்று உயிர்க்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பற்றரியும் வேறு, பைபோலார் நிக்கல் வகை. மொத்த வலு 116 குதிரை வலுவிலிருந்து 136 ஆகிறது. அகலம் 1765 மில்லிமீற்றரிலிருந்து 1825க்குப் போகிறது, வீல்பேஸும் 20 மில்லிமீற்றர் நீளம். இவற்றையெல்லாம் பிறகு கடையில் வாங்கிப் பூட்ட முடியாது.

நிசான் நோட்டுக்கும் நோட் ஓராவுக்கும் உள்ள உறவும் இதேதான். எஞ்சின் அதே 1198 சீசீ. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் 85 கிலோவாட்டிலிருந்து 100 ஆகிறது, முறுக்குவிசை 280 நியூட்டன் மீற்றரிலிருந்து 300. உடல் 40 மில்லிமீற்றர் அகலம். முன் கதவுகளில் சாதாரண டெம்பர்ட் கண்ணாடிக்குப் பதிலாக இடையில் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி. கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள், இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய கோடு தெரியும். கோடு இல்லையென்றால் யாரோ உடைத்துவிட்டுச் சாதாரண கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சத்தம் குறைக்கவென்று கொடுத்த காசு அதோடு போயிற்று.

இதற்கு நேர்மாறான கதையும் இந்தத் தொழிலில் பழையதே. கடிலாக் 1982 மொடலாகக் கொண்டுவந்த சிமரோன், ஷெவ்ரொலே கவலியரின் உடம்பில் தோலும் பட்ஜும் ஏற்றிய கார். தொடக்கத்தில் எஞ்சினும் அதே சிறிய நான்கு சிலிண்டர். 1988இல் நிறுத்திவிட்டார்கள். அஸ்டன் மார்ட்டின் 2011இல் டொயோட்டா ஐக்யூவை சிக்னெட் ஆக்கியது, 1.3 லீற்றர் எஞ்சினைத் தொடவே இல்லை. பிரித்தானியாவின் வான்டன் பிளாஸ் பிரின்ஸஸ் 1100 மட்டும் கொஞ்சம் ரசிக்கத்தக்கது: பீஎம்சி நிறுவனத்தின் சின்ன 1100 காருக்குள் வால்நட் பலகை, தோல் இருக்கை, பின்னால் இருப்பவருக்கு மடித்து விரிக்கும் சாப்பாட்டுத் தட்டு!

இலங்கையில், சின்ன எஞ்சினில் சொகுசு ஏற்றிய இந்த வகைக் காருக்கு ஒரு தனி நியாயம் உண்டு. உற்பத்தி வரி பெரும்பாலும் சீசீ கணக்கில் ஏறுகிறது. பெரிய எஞ்சின் எடுத்தால் வரி பாயும், அதே 1500க்குள் உயர்ந்த கிரேட், அதாவது அதே மொடலின் வசதி கூடிய வகை, எடுத்தால் அந்த வரி அசையாது. டொயோட்டாவின் பிரிமியோவும் அலியனும் இங்கே கௌரவக் கார்களானது இதனால்தான். ஜப்பானில் அவை 1.8, 2.0 லீற்றர்களிலும் விற்றன, நம் வீதிகளில் காண்பது பெரும்பாலும் 1.5. ஆனால் இறக்குமதிப் பெறுமதி ஒரு எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி தனியாக விழும், அது பெறுமதியைப் பார்க்கும் வரி. 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த இறக்குமதியில் கார் எடுப்பவர்கள், கிரேட்டை ஒரு படி ஏற்றும் முன் அந்த எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாகங்கள் விஷயத்துக்கு வருவோம். பிரிமியோ 1.5இன் 1என்இசட் எஞ்சின் டொயோட்டாவின் எக்ஸியோவிலும் ஃபீல்டரிலும் ஓடியது. பிளக், ஃபில்டர், வோட்டர் பம்ப் என்று எதைக் கேட்டாலும் கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். அந்தக் கிரேட்டுக்கு மட்டும் உரியவைதான் சிக்கல்: எல்ஈடி ஹெட் லைட், கதவுக் குரோம் பட்டி, மரநிறப் பலகை, பவர் சீட் சுவிட்ச். ஹாலஜன் லைட்டில் பல்ப் போனால் பல்ப் மட்டும் மாற்றலாம். எல்ஈடியில் பெரும்பாலும் முழு யூனிட்டும் போக வேண்டும். இரண்டாம் கை யூனிட் வாங்கினால் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் லெவலிங் மோட்டார் உள்ளதா, தாங்கும் காதுகள் உடைந்து ஒட்டப்பட்டவையா என்று பார்த்து, கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து எரிய வைத்த பிறகு காசு கொடுங்கள்.

விண்ட்ஸ்கிரீனும் அப்படியே. 2016க்குப் பிந்திய பிரிமியோ, அலியன் பலவற்றில் கண்ணாடிக்குப் பின்னால், வீதியைப் பார்த்து எச்சரிக்கும் டொயோட்டா சேஃப்டி சென்ஸ் கமரா இருக்கும். கமரா பிராக்கெட் ஒட்டாத கண்ணாடியைப் போட்டாலோ, பிராக்கெட் சற்றுச் சரிந்து ஒட்டினாலோ, டேஷ் போட்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கை அணைத்துவிட்டு விற்பவர்களும் உண்டு. பொருத்திய பின் ஸ்கேனர் வைத்து கமராவை அளவீடு செய்ய வேண்டும், அதைச் செய்யாத கடைக்குக் கண்ணாடி வேலை கொடுக்கக் கூடாது.

கொழும்பின் வெக்கையும் உப்புக் காற்றும் தோலை விடுவதில்லை. இந்தக் கார்களில் "லெதர்" என்று வருவது பல வேளை பொலியூரதேன் பூசிய செயற்கைத் தோல். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சே வேதியியல் முறையில் சிதைகிறது. முதலில் ஒட்டும், பிறகு செதில் செதிலாக உரியும். எண்ணெய் தடவினால் நிற்காது, விரைந்து போகும். சாரதி இருக்கையின் வெளிப்பக்க மடிப்பைக் கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், தொடக்கம் அங்கேதான்.

உரிந்ததும் எல்லோரும் குஷன் கடைக்குப் போகிறார்கள். இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. இருக்கையின் பக்கத்தில் எஸ்ஆர்எஸ் எயார்பேக் என்ற சிறு துணிச்சீட்டு இருந்தால், உள்ளே எயார்பேக் இருக்கிறது, அது பிரியவென்றே அந்தத் தையல் மெல்லிய நூலால் போடப்பட்டிருக்கும். குஷன் கடையில் தடித்த நைலோன் நூலால் தைத்தாலோ மேலே உறை போட்டு இழுத்துக் கட்டினாலோ, மோதும் கணத்தில் பை வெளியே வராது, அல்லது பிழையான பக்கம் பிதுங்கும். அந்தப் பக்கத் தையலைத் தொடாமல் நடுப் பகுதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சீட்டைக் கழற்ற வேண்டுமானால் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 90 செக்கன் விட்டு, அதன் பிறகே சீட்டுக்குக் கீழுள்ள மஞ்சள் கனெக்டரைப் பிடுங்க வேண்டும். சுவிட்ச் போட்டபடி பிடுங்கினால் எயார்பேக் விளக்கு எரிந்து நிற்கும்.

"மரம்" பெரும்பாலும் மரமல்ல, பிளாஸ்டிக்கில் ஒட்டிய படம். வெயிலில் மேல்பூச்சு வெடித்தால் பாலிஷ் உதவாது. குரோமும் பிளாஸ்டிக் மேல் பூசிய உலோகப் படலமே. தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் திறந்த வெளியில் நிற்கும் காரில் அது புள்ளி விழுந்து கொப்புளம் போடும்.

சத்தம் குறைக்கக் கார்பெட்டுக்குக் கீழே வைத்த தடித்த பஞ்சு ஒரு நல்ல விஷயம், வெள்ளத்தில் நின்ற காரைத் தவிர. சாதாரண கிரேட்டின் மெல்லிய கார்பெட் காய்ந்துவிடும், இந்தப் பஞ்சோ நீரை மாதக்கணக்கில் பிடித்து வைத்து அடியில் ஓடும் வயர் கனெக்டர்களைப் பச்சை பிடிக்கச் செய்யும். கதவடியிலுள்ள பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றி, கார்பெட் விளிம்பைத் தூக்கி, பஞ்சுக்குள் டிஷூத் தாளை ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஈரம் வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும்.

நிறமும் உயர்ந்த கிரேட்டின் ஒரு செலவு. டொயோட்டா காரின் விபரத் தட்டில் நிற எண் 040 என்றால் சாதாரண வெள்ளை. 070 என்றால் பேர்ள் வெள்ளை: அடி வெள்ளை, மேலே முத்துப் பூச்சு, அதற்கு மேல் கிளியர். முத்துப் பூச்சு எத்தனை கை அடித்தார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். டிங்கரிங் கராஜில் ஒரு அட்டையில் அடித்துக் காரோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்துப் பனலுக்குள்ளும் கலந்து இறக்கச் சொல்லுங்கள். கதவை மட்டும் அடித்தால் பகல் வெளிச்சத்தில் அந்தக் கதவு தனியாகத் தெரியும்.

கார் சேலில் நிற்பது உண்மையில் அந்தக் கிரேட்தானா என்பதற்குப் பட்ஜைப் பார்க்காதீர்கள். பட்ஜ், கிரில், பஃபர் எல்லாம் வாங்கிப் பூட்டலாம். அதே விபரத் தட்டில், மொடல் எண்ணின் நடுவிலுள்ள சிறு கோட்டுக்கு (-) பின்னால் வரும் எழுத்துகளும், நிறத்துக்கு அடுத்து அச்சிட்ட டிரிம் எண்ணும்தான் ஃபேக்டரியின் சாட்சி. செசி நம்பரைக் கொடுத்து பார்ட்ஸ் கட்டலொக்கில் தேடினால் கிரேட் வரும், ஜப்பான் ஏலத்தில் எழுதிய ஒக்ஷன் ஷீட்டோடு ஒத்துப் பாருங்கள். உயர்ந்த கிரேட் என்று சொல்லும் காரின் டேஷ் போட்டில் வெற்று மூடி போட்ட சுவிட்ச் குழிகள் வரிசையாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஜப்பானியக் குளிருக்கு வைத்த சீட் ஹீட்டருக்கு இங்கே விலை கொடுக்கத் தேவையில்லை. ரேடியோ 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 அல்லது 95இல் முடிந்துவிடும். நம் தமிழ் நிலையங்கள் பல 100க்கு மேலே. அலைவரிசையை இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் போட்டால் கேட்கும், கொஞ்சம் இரைச்சலோடு.

பெரிய அலோய் வீல் பற்றியும் சொல்ல வேண்டும். ஹொண்டா வெசலின் எக்ஸ் கிரேட்டில் 215/60 ஆர்16 டயர், பக்கச் சுவர் 129 மில்லிமீற்றர். ஆர்எஸ்ஸில் 225/50 ஆர்18, சுவர் 112 சொச்சம். குழியில் விழும்போது அந்த 16 மில்லிமீற்றர்தான் ரிம்மைக் காப்பது. ரிம் உள்விளிம்பில் வளைந்தால் வெளியிலிருந்து தெரியாது, வேகப்பாதையில் ஸ்டியரிங் நடுங்கும்போது தெரியும். வாங்கும் முன் நான்கையும் பேலன்சிங் மெசினில் சுழற்றிப் பாருங்கள். டொயோட்டாவின் முதல் தலைமுறை அக்வாவில் இன்னொரு கணக்கு: 15 அங்குல வீலில் திரும்பும் ஆரை 4.8 மீற்றர், 16 அங்குல டூரிங் பேக்கேஜில் 5.7. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கையில் வீடு என்றால், முற்பணம் கட்டும் முன் அந்தக் காரை உங்கள் கேற்றுக்குள் ஒரே வெட்டில் விட்டுப் பாருங்கள்.