ஐந்தாம் மாதத்தில் எழுதத் தொடங்கிய கடன் கணக்கு

2024 ஜூலை மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அவுட்பில்டிங்கின் (பெரிய வீட்டை ஒட்டிய தனிச் சிறு கட்டடம்) சமையல் மேடையில், அதுவரை பிரிக்காமல் பிரெட் டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த 11 கடித உறைகளை எடுத்து வரிசையாக அடுக்கினேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு மொத்த வியாபாரக் கடையின் அலுவலகத்தில் 6,200 ராண்ட் சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே, யுனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வி வழியாக ஆசிரியர் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வேலை பார்த்த தொழிற்கூடத்தில் ஆட்குறைப்பு நடந்து, மே மாத இறுதியோடு அவருடைய வேலை போயிருந்தது. குழந்தை நவம்பர் நடுவில் பிறக்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அந்த ஜூலை முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை கடனையும் வீட்டுச் செலவையும் எப்படிச் சமாளித்தோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் ஒருவருக்காவது உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி இங்கே வந்த எனக்கு, இந்நாட்டில் தனி ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் திருமணத்தைப் பதிவு செய்தால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொதுவாகிவிடும் என்பது தெரிந்திருக்கவில்லை. நாங்கள் அப்படித்தான் பதிவு செய்திருந்தோம். ஆகவே அவர் பெயரில் வந்த உறையை அவருடையது என்று நான் ஒதுக்கி வைத்ததில் பொருளே இல்லை. எங்கள் சங்கடத்தில் பாதி, ஒருவர் கடனை மற்றவர் கேட்காமல் இருந்ததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

அன்றிரவு ஒரு நோட்டில் எழுதிய கணக்கு இதுதான். வரவு: என் கையில் வருவது 6,138 ராண்ட், வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப்.பிலிருந்து அவருக்கு ஏறக்குறைய 4,000. செலவு: வாடகை 3,800, மின்சாரமும் தண்ணீரும் 700, உணவு 2,600, டாக்சி 900, தொலைபேசி 250. மீதம் 1,900 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வங்கிக் கடனின் மாதத் தவணை 1,640, துணிக்கடையின் கடன் அட்டைக்கு 620. இவை போக, அவர் முன்பு வாங்கிய ஒரு சிறு கடனுக்கு வசூல் நிறுவனம் கேட்ட 6,180 ராண்டும், பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய 5,800 ராண்டும் இருந்தன. மகப்பேறு விடுப்பில் நான் போனதும் வரவு இன்னும் 2,000 ராண்ட் குறையும் என்பதும் அப்போதே தெரிந்தது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் 800 ராண்ட் அனுப்பி வந்ததை அந்தக் கணக்கில் எங்கேயும் நுழைக்க முடியவில்லை. மறுநாள் தொலைபேசியில் அதைச் சொன்னபோது, "பிள்ளை நல்லபடியாப் பிறக்கட்டும், அது போதும்மா" என்று மட்டும் சொல்லி அம்மா பேச்சை மாற்றிவிட்டார். இந்த எட்டு மாதங்களில் நான் அழுதது அன்று ஒரு நாள்தான்.

உறைகளிலேயே மிகவும் அவசரமானது துணிக்கடையிலிருந்து வந்திருந்தது. தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி அனுப்பப்படும் அறிவிப்பு அது. மூன்றாம் முறை படித்த பிறகுதான், அது மிரட்டல் கடிதம் மட்டுமல்ல, எனக்குக் கிடைக்கும் அவகாசமும் அதில்தான் இருக்கிறது என்று புரிந்தது. கடன் ஆலோசகரையோ குறைதீர்ப்பாளரையோ அணுகலாம், பாக்கியைக் கட்டுவதற்கான ஒரு திட்டத்துக்கு உடன்படலாம் என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. தவணை தவறி 20 வேலை நாள்களும், அறிவிப்பு தந்து 10 வேலை நாள்களும் கடந்த பின்னரே வழக்குக்குப் போக முடியும். நாள்காட்டியில் அந்தப் பத்தாம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

மாதம் 200 ராண்ட் தருகிறேன் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் பாக்கி 7,300. அப்போது இத்தகைய கணக்குகளுக்குச் சட்டம் அனுமதித்த உச்ச வட்டி ஆண்டுக்கு 22.25 விழுக்காடு. அதன்படி வட்டியே மாதம் 135 ராண்ட் ஆகிறது; மாதச் சேவைக் கட்டணம் வரியோடு 69. இரண்டும் சேர்ந்தால் 204. நான் 200 ராண்ட் கட்டிக்கொண்டே போனால் அசலில் ஒரு காசுகூடக் குறையாது. ஆகவே பிப்ரவரி வரை 350 ராண்டும் மார்ச் முதல் 600 ராண்டும் தருவதாக, சம்பளச் சீட்டு, அவருடைய ஆட்குறைப்புக் கடிதம், எங்கள் வரவு செலவுப் பக்கத்தின் படம் ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். எட்டாம் வேலை நாளில் ஒப்புதல் வந்தது. புதிதாக எதையும் கடனுக்கு வாங்க முடியாதபடி அட்டையை மூடிவிட்டார்கள், அதுவும் நல்லதே. தொலைபேசியில் பேசியதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அடுத்த கடன் எனக்கு நன்றாக உணர்த்தியது.

அந்தச் சிறு கடனில் 2,600 ராண்ட் பாக்கி இருந்தபோது, 2023 ஜனவரியில், அவர் தவணை கட்டுவதை நிறுத்தியிருந்தார். மாதம் 5 விழுக்காடு வட்டியும் சேவைக் கட்டணமும் ஏறி, 18 மாதங்களில் 6,180 ஆகியிருந்தது. வசூல் நிறுவனத்தில் பேசியவர் இந்தத் தொகையைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றார். தேசியக் கடன் சட்டத்தின் 103(5) பிரிவை அப்போது நான் தேடிப் படித்திருந்தேன். தவணை தவறிய நாளில் எவ்வளவு பாக்கி இருந்ததோ, அதன் பிறகு தவறிய நிலை நீடிக்கும் வரை சேரும் வட்டி, சேவைக் கட்டணம், வசூல் செலவு எல்லாம் கூட்டினாலும் அந்தப் பாக்கித் தொகையைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. 2,600 அசலுக்கு மேல் இன்னொரு 2,600. ஆக 5,200தான் உச்சம். பிரிவு எண்ணையும் கணக்கையும் எழுதி, முழு அறிக்கை கேட்டு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து 5,200 என்று திருத்திய அறிக்கை வந்தது. மாதம் 400 என்று பேசி முடித்தோம். 980 ராண்ட் என்பது எங்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேலான சாப்பாட்டுச் செலவு.

வங்கிக் கடனில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. அசலில் 28,000 ராண்ட் நின்றது. ஒப்பந்தத்தின் நகலைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, மாதத் தவணைக்குள்ளேயே காப்பீட்டுக் கட்டணம் ஒன்று பிடிக்கப்பட்டு வந்தது தெரிந்தது. 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கடனோடு சேர்த்து விற்கப்படும் இந்தக் காப்பீடு, மரணத்துக்கும் உடல் இயலாமைக்கும் மட்டுமன்றி, வேலையை இழந்தாலும் நமக்குப் பதிலாகத் தவணையைக் கட்ட வேண்டும். வேறு வேலை கிடைக்கும் வரை, அதிகபட்சம் 12 தவணைகள். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் கட்டணம் செலுத்தி வந்த காப்பீடு இது. வேலை போனதை வங்கிக்கு அவர் தொலைபேசியில் சொன்னபோதும் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை நியாயமே அல்ல. ஆனால் நிலை அதுதான் என்பதால், வேலை இழந்த எவரும் தம் கடன் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி இது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அடையாள அட்டை, ஆட்குறைப்புக் கடிதம், முதலாளி நிரப்பித் தரும் யு.ஐ.-19 படிவம், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு ஜூலை இறுதியில் விண்ணப்பித்தோம். ஆட்குறைப்புக்கான காரணம் கடிதத்தில் இல்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். பழைய முதலாளியிடம் போய் வேறு கடிதம் வாங்கி வந்தோம். செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்து, தவறிய தவணைகளும் சேர்த்துக் கட்டப்பட்டன. 1,640 ராண்ட் என்ற பாரம் இறங்கிய அன்றிரவுதான், பல வாரங்களுக்குப் பிறகு நான் பாடப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை மனம் ஒன்றிப் படித்தேன்.

இடையில் கடன் ஆலோசகர் ஒருவரையும் பார்த்தோம். அவருடைய பதிவு எண்ணைத் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் சரிபார்த்த பிறகே போனோம். பொதுச் சொத்துத் திருமணம் என்பதால் இருவரும் சேர்ந்தே கடன் மறுசீரமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், முடிந்து சான்றிதழ் வரும் வரை புதுக் கடன் கிடையாது என்று அவர் விளக்கினார். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் அது நிலையான வருமானம் உள்ளவர்களுக்கு உகந்த வழி. அடுத்த ஆறு மாதங்களில் மாதா மாதம் மாறப்போகும் வருமானத்தை வைத்து எந்தத் திட்டத்தை எழுதினாலும் அது நிற்காது என்று எனக்குத் தோன்றியதால், நேரடியாகப் பேசுவதையே தொடர்ந்தோம். வீட்டுக்கார ஆயாவின் உறவினர் ஒருவர், வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் அடகாக வாங்கிக்கொண்டு பணம் தரும் ஒருவரிடம் அழைத்துப் போகிறேன் என்றார். அப்படி அட்டையை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் என்று தெரியாதிருந்தாலும், ஆயாவே தடுத்திருப்பார். "அந்த வாசப்படி மட்டும் மிதிக்காதே கண்ணு, வாடகையை ஏழாந்தேதி குடு, நான் கேக்க மாட்டேன்" என்றார் அவர்.

என் மகப்பேற்றுப் பணத்துக்கான ஏற்பாட்டை ஆறாம் மாதத்திலேயே தொடங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பின்னர்தான் தெரிந்தது. என் சம்பளத்தில் மாதம் 1 விழுக்காடு யு.ஐ.எஃப்.புக்குப் பிடிக்கப்படுவது சீட்டில் இருந்தது. ஆனால் இணையத்தில் பார்த்தபோது, கடந்த நான்கு மாதங்களுக்கான என் விவரத்தை அலுவலகம் அனுப்பியிருக்கவே இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த அக்காவிடம் மூன்று முறை நினைவூட்டிய பிறகு அது சரியானது. பிரசவத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடு இதற்காக நான் அலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. சம்பளத்தில் 66 விழுக்காடு வீதம் 17.32 வாரங்களுக்குக் கிடைக்கும். எனக்கு மொத்தம் சுமார் 16,300 ராண்ட். விண்ணப்பப் படிவமும் மருத்துவச் சான்றும் யு.ஐ.-2.3இல், வங்கி முத்திரையோடு கணக்கு விவரம் யு.ஐ.-2.8இல், விடுப்பின்போது முதலாளி ஏதேனும் கொடுக்கிறாரா என்பது யு.ஐ.-2.7இல். அக்டோபர் 14 முதல் விடுப்பில் போனேன். பணம் வந்து சேர ஆறு வாரம் ஆனது. அந்த இடைவெளிக்காகவே, ஆட்குறைப்பின்போது கணவருக்கு நான்கு ஆண்டு வேலைக்கு ஈடாகக் கிடைத்த 8,700 ராண்டில் ஏறக்குறைய 5,900ஐத் தொடாமல் வைத்திருந்தோம்.

மீதி 2,800ஐப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டினேன். ஆகஸ்ட் முதல் மூன்று மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கட்டி அந்த நிலுவையை முடித்தேன். வட்டி ஏறும் கடனை விட்டுவிட்டுக் கல்விக் கட்டணத்தைக் கட்டலாமா என்று கணவர் கேட்டார். அந்தச் சிறு கடன் உச்ச வரம்பை எட்டிவிட்டது, இனி ஏறாது. ஆனால் நிலுவையோடு அடுத்த ஆண்டு பதிவு செய்ய முடியாமல் போனால் நான் படிப்பையே விட்டுவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். நவம்பரில் பிரசவ நாளை ஒட்டி வந்த ஒரு தேர்வை மட்டும், மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து அடுத்த பருவத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

மருத்துவத்துக்கு நாங்கள் செலவு செய்யவில்லை. மருத்துவக் காப்பீட்டில் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவ வசதி 1994 முதல் இலவசம். தனியார் மருத்துவரிடம் போகாவிட்டால் குறை என்று சொன்னவர்கள் உண்டு; ஆனால் எட்டு முறையும் கிளினிக்கில் ரத்த அழுத்தமும் வயிற்றின் அளவும் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, என் கையிலேயே இருக்கும் பதிவேட்டில் எழுதி அனுப்பினார்கள். ஏழாம் மாத வளைகாப்பை மண்டபம் இல்லாமல், ஆயாவின் கூடத்தில், இரண்டு டஜன் கண்ணாடி வளையலோடும் எலுமிச்சை சாதத்தோடும் முடித்தோம்.

வீட்டில் மிச்சம் பிடித்ததில் பெரியது கீசர்தான். முன்பணம் கட்டும் மீட்டரில் 20 இலக்க எண்ணை அழுத்தி 150 ராண்டுக்கு மின்சாரம் ஏற்றினால், முன்பு சில நாள்களிலேயே தீர்ந்துவிடும். கீசரை மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டபோது அது எட்டாம் நாள் வரை வந்தது. சாப்பாட்டில், மதிப்புக் கூட்டு வரி இல்லாத அரிசி, பருப்பு, முட்டை, பால், காய்கறி, டின் மீன், பழுப்பு ரொட்டி ஆகியவற்றைச் சுற்றியே சமைத்தேன். கர்ப்பிணி வயிற்றைக் கட்டிக் கடனைக் கட்டக் கூடாது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். ஆகவே உணவுக்கான 2,600 ராண்டில் கடைசி வரை கை வைக்கவில்லை.

மகள் நவம்பர் 12 அன்று பிறந்தாள். 30 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்து, சான்றிதழ் கிடைத்ததும் குழந்தை ஆதரவு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். அப்போது அது மாதம் 530 ராண்ட். தம்பதியரின் மாத வருமானம் 10,600 ராண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்குள் நாங்கள் இருந்தோம்.

பிப்ரவரியில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. காப்பீடு நின்று, வங்கித் தவணை மீண்டும் எங்கள் பொறுப்புக்கு வந்தது. அதே மாதம் நானும் வேலைக்குத் திரும்பினேன். அந்த ஆண்டுக்கு இரண்டு பாடங்களுக்கு மட்டும் பதிவு செய்தேன். துணிக்கடைப் பாக்கி அப்போது 6,250 ராண்டுக்கு வந்திருந்தது, சிறு கடனில் 2,400 மீதம். ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதி இரவு, மகள் தூங்கிய பிறகு, அதே நோட்டை எடுத்து இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுகிறோம். வரும் உறைகளை வந்த அன்றே பிரிக்கிறோம்.