கலங்கல் தண்ணீர்

ஆச்சிக்குத் திருநெல்வேலியில் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தபோது, நான் சிகாகோவில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தேன். துக்க விடுப்புக்கு உரிய உறவுகளின் பட்டியலில் பாட்டி இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என்னை வளர்த்தவளே அவள்தான் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதி நிரப்புவது?

கீழ்வீட்டுக் கறுப்பினப் பெரியவர் விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலை என்னை அழைத்தார். சோள ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார். துக்கத்தில் பாட்டா என்று எனக்குக் கூசியது. ஊசி இறங்கிக் கரகரத்தது. கிதார்க் கம்பியின் மேல் வழுக்கிச் சென்ற ஒலி, சுரம் விட்டுச் சுரம் தாவாமல், ஒப்பாரி சொல்லும் கிழவியின் குரலைப் போல இழைந்து இறங்கியது. வீட்டுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்பதே பாட்டின் தலைப்பு. பாடியவர் மடி வாட்டர்ஸ்.

இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. தாயைச் சிறு வயதிலேயே இழந்தவரை, மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேலை அடுத்த ஸ்டோவால் பருத்திப் பண்ணையில் பாட்டிதான் வளர்த்தார். சேற்றுத் தண்ணீரிலேயே விளையாடிய பேரனுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் ‘மடி’, நம் பேச்சில் கலங்கல். இதைக் கேட்டதும் அந்த நாளிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. குறுக்குத்துறையில் தண்ணீரை விட்டு ஏற மறுத்த என்னை ஆச்சி ‘தவளை’ என்றுதான் கூப்பிடுவாள்; கல்லூரி முடித்த பிறகும், விருந்தாளிகள் முன்னாலும் அதே பெயர்தான்.

1941-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அந்தப் பண்ணையிலேயே அவரைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். 1943-இல் அவர் ரயிலேறிச் சிகாகோ வந்தார். காகித ஆலையில் வேலை, பிறகு லாரி ஓட்டம், இரவில் பாட்டு. மதுக்கூடங்களின் இரைச்சலில் ஊர்க் கிதார் எடுபடாததால் மின்கிதாருக்கு மாறினார். 1948-இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் பிரதிகள் ஓரிரு நாளிலேயே விற்றுத் தீர்ந்தன. தெற்கிலிருந்து பிழைக்க வந்து, ஒண்டுக்குடித்தனங்களில் நெருங்கிக் கிடந்த மக்கள் வாங்கினார்கள். வாங்காமல் என்ன செய்வார்கள்?

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. 1941-இல் பண்ணையில் பாடிய பாட்டைத்தான் அவர் மாற்றிப் பாடியிருக்கிறார். ஊரில் இருந்தபடியே பாடியதுதான் இங்கே ஊருக்கு ஏங்கும் பாட்டாகியிருக்கிறது. இதுவரை பத்து முறையாவது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருப்பேன். 1941-இல் குரலில் அவசரமே இல்லை.

அவர் இறந்தது 1983-இல். தெற்கு லேக் பார்க் அவென்யூவில் அவர் 1954-இல் குடியேறிய செங்கல் வீட்டைப் போன மாதம் பார்த்துவந்தேன். வந்த பாடகர்களுக்கெல்லாம் அங்கே இடமிருந்ததாம். பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பான் கீழ்த்தளத்திலேயே தங்கியிருந்தார். நம் வீடுகளிலும் அப்படித்தானே, மெட்ராஸுக்கு வேலை தேடி வருகிறவனுக்குத் திண்ணையாவது கிடைக்கும்.

எனக்கும் இந்த ஊர் பழகிவிட்டது. எந்தப் பேருந்து எந்நேரம் வரும் என்று தெரியும். பனிக்காலணி போட்டு வழுக்காமல் நடக்கவும் வரும். அன்று அந்த வீட்டுப் படிக்கட்டருகே நின்றபோது ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. அதில் தண்ணீர் வாடை இருந்தது. “ஏல தவளை, மேல ஏறி வால, சோறு ஆறிப் போகுது.”